பிறை ஆற்றில் பெண் பார்த்த கதை

நான் கேப்டன். ஹோட்டலில் இருந்த காலத்திலிருந்தே கேப்டன்தான். ஆனால் எனக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது, படகு ஓட்டத் தெரியாது, உண்மையைச் சொன்னால் நீந்தக்கூடத் தெரியாது.

மலேசியாவில் ஹோட்டல் வேலை பார்த்தவர்களுக்கு இதில் குழப்பம் வராது. சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்கு மேலே ஒருவர் இருப்பார். எந்த மேசைக்கு அடுத்து என்ன போக வேண்டும், யாருக்கு உறைப்பு ஆகாது, எந்தக் குழந்தை இப்போது தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடப் போகிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. அவரைத்தான் இங்கே கேப்டன் என்போம். ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் தட்டு தூக்கித் தூக்கி நான் அந்தப் பதவிக்கு வந்தேன். கொரோனா காலத்தில் ஹோட்டலை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் வீட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்றேன். அப்புறம்தான் பிறை ஆற்றில் மாலை நேரத்தில் சாப்பாட்டோடு சுற்றிக் காட்டும் படகில் வேலை கிடைத்தது. அதே பதவி, சட்டையில் அதே மாதிரி 'கேப்டன்' என்று பொறித்த பித்தளை வில்லை. ஊரே பெருநிலத்திலிருந்து தீவுக்கு வேலைக்கு வரும். நான் தீவிலுள்ள டத்தோ கெராமாட்டிலிருந்து கிளம்பி, பெர்ரி ஏறி, எதிர்ப்பக்கம் போவேன். உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.

படகில்தான் சிக்கல் ஆரம்பித்தது. படகென்றால் ஓட்டுகிறவர் அல்லவா கேப்டன்? நிஜமாக ஓட்டுகிறவரை இங்கே தெக்கோங் என்பார்கள். எங்கள் தெக்கோங் ஒரு மலாய்க்காரப் பெரியவர். நல்ல பருமன், நல்ல மீசை, ஆயுசு முழுக்க இந்த ஆற்று வாயில் மீன் பிடித்தவர். பட்டம் பதவியில் அவருக்கு அக்கறை கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் என் வில்லையைப் படித்துவிட்டு என்னோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே எனக்கு ஒரு சல்யூட் அடிப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. பொண்ணு என்ன வேலை? ஹோட்டல். என்ன ஹோட்டல் வேலை? பரிமாறுவது. அதோடு சரி, போன் வராது. "கண்டவனுக்கும் சோறு போடுற பொண்ணு" என்று ஒரு வீட்டில் சொன்னதாகக் காதுக்கு வந்தபோது, சோறு போடுவதில் என்ன கேவலம் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை படம் எது வந்தாலும் பார்க்க மாட்டேன், என் படத்தையும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எல்லாம் முடிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம். பார்த்துப் பிடித்துப்போய், பிறகு முறிந்தால் யார் தாங்குவது?

இந்த நிலைமையில்தான் பாகான் டாலாமில் இருக்கும் என் சித்தி களத்தில் இறங்கினாள். நிபோங் திபாலில் ஒரு குடும்பம். பையன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சித்தி அவர்களிடம் சொன்னது ஒரே வரி: "பொண்ணு ஆத்துல போற கப்பல்ல கேப்டன்." அவர்கள் அசந்துபோய், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சித்தியைப் போனில் பிடித்தேன்.

"ஏன் சித்தி பொய் சொன்னீங்க?"

"எது பொய்? நீ கேப்டன் இல்லையா?"

"கேப்டன்தான். ஆனா அவங்க வேற கேப்டன்னு நெனச்சிக்குவாங்கல்ல?"

"நெனச்சா நெனச்சிக்கட்டும் லா. அவங்க நெனக்கிறதுக்கெல்லாம் நான் பொறுப்பா? வந்து பொண்ணப் பாக்கட்டும், புடிச்சிப் போச்சுன்னா எதுவும் கேக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை வரட்டும், காபி கொடுத்த கையோடு நானே விஷயத்தை உடைத்துவிடுகிறேன் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அவர்கள் அதற்குள் முந்திக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலையே மூன்று பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் படகில் ஏறிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

அப்பா, அம்மா, மகன். ஆறாம் மேசை. அம்மா அரக்குச் சேலையில் பளிச்சென்று இருந்தார். அப்பா அதிகம் பேசாதவர். வழக்கம்போல வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்று, ரோஜா சிரப்பில் எலுமிச்சை பிழிந்த பானத்தைக் கொடுத்து உட்கார வைத்தேன். வரும் எல்லாருக்கும் கரையில் நிற்கும் மீன்பிடிப் படகுகளைப் பார்க்கத்தான் ஆசை இருக்கும். இவர்கள் மூவரும் என் வில்லையைக்கூடப் படிக்காமல், தெக்கோங் இருக்கும் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மேசையிலிருந்து பார்த்தால் அவருடைய முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரியும். வெள்ளைச் சட்டை, அகலமான முதுகு.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கணவரின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"பொண்ணு கொஞ்சம் குண்டுதான். பரவால்ல, வேல அப்படி. உக்காந்தே இருக்குற வேல."

எந்தப் பெண், எங்கே என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. படகு முதல் பாலத்தை நெருங்கியது. தெக்கோங் பின்னால் ஒட்டினாற்போல் வரும் ஒரு மீன்பிடிப் படகைப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினார். மீசையோடு முழு முகமும் தெரிந்தது.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மகன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா," அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கு கேப்டன் லீவா?"

"இல்லம்மா. நான்தான் கேப்டன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி என்னை.

"நீ இங்க நிக்கிறியேம்மா! அப்ப போட்ட யாரு ஓட்டுறா?"

"அது தெக்கோங்மா. ஓட்டுறது அவரு. நான் சாப்பாட்டு கேப்டன். பரிமாறுறது, மேசையப் பாத்துக்கிறது எல்லாம் நான்."

"பரிமாறுறதா?" என்றார். பால் திரிந்த மாதிரி முகம் மாறிவிட்டது. பயணிகள் ஏமாறுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் சும்மா ஏமாறுகிறவர்கள் சிரிப்பார்கள். இந்த அம்மா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மகன் எழுந்து, சமையல் அறை வாசலில் தட்டுகள் வந்து இறங்கும் மேசைக்கு வந்தார். நான் அங்கே மீன் தலைக்கறியில் கொத்தமல்லி தூவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா…" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, சாரி, அக்கா இல்ல. மிஸ்…"

"அக்கான்னே கூப்பிடுங்க, பரவால்ல. என்ன வேணும்?"

"இல்லங்க, அக்கான்னு கூப்பிடக் கூடாது. நாங்க நாளைக்கு உங்க வீட்டுக்கு வரணும். டத்தோ கெராமாட்டுக்கு. நிபோங் திபால்லருந்து."

கொத்தமல்லி மொத்தமும் ஒரே இடத்தில் விழுந்தது. பெண் பார்க்க வந்த ஆள் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டு, பெண்ணும் அப்படியே கூப்பிடுங்கள் என்று அனுமதி கொடுத்த சம்பவம் எங்கள் வம்சத்தில் இதற்கு முன் நடந்திருக்காது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப வேவு பாக்க வந்திருக்கீங்க."

"வேவு இல்லங்க. அம்மாவுக்கு ஆச. நீங்க கப்பல் ஓட்டுறதப் பாக்கணும்னு. பக்கத்து வீட்டு ஆண்ட்டி, கோவில் ஆண்ட்டி எல்லார்கிட்டயும் மருமக கேப்டன்னு சொல்லியாச்சு. போட்டோ எடுத்து அனுப்புறேன்னு வேற சொல்லிட்டு வந்தாங்க. இப்ப ரொம்பக் கோவமா இருக்காங்க. நாளைக்கு வர வேணாம்னு சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் நேராக என்னைப் பார்த்தார். "நான் வரணும்னு சொல்றேன். ஆனா அம்மாவ மீறி வந்ததில்ல."

அந்த நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது. ஆளும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். படமே பார்க்காமல் இருந்து என்ன பிரயோசனம், ஆளே எதிரில் வந்து நின்றுகொண்டு, பிடித்தும்போய், முறியவும் போகிறது. இதற்குத்தானே பயந்தேன். அவர் போன பிறகு அப்படியே நின்றேன்.

எங்கள் சமையல் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "கல்யாணம் நடக்கும், நடக்காது, அத அப்புறம் பாப்போம் தங்கச்சி. ஆறாம் மேசைக்கு மீன் ஆறுது. எடு," என்றார்.

எடுத்தேன். வேறு என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்வோம், பிடிக்காவிட்டால் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்தது.

மேசைக்குப் போனால் அங்கே பரிமாறல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கணவருக்கும் மகனுக்கும் போட்டுக்கொண்டிருந்தார். கணவர் தட்டைப் பார்ப்பதுகூட இல்லை. தட்டின் விளிம்பை லேசாகத் தூக்குவார், அந்த அம்மா சரியாக எது தீர்ந்ததோ அதைப் போடுவார். குழம்பு என்றால் குழம்பு, சோறு என்றால் சோறு. எத்தனையோ பேருக்கு நான் வேலை பழக்கியிருக்கிறேன், இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் தட்டு மட்டும் வெள்ளையாக, துடைத்தது துடைத்தபடி இருந்தது.

"அம்மா, உக்காருங்க. நான் போடுறேன்."

"பரவால்லம்மா. எனக்குப் பழக்கம்."

"நீங்க இன்னும் ஒண்ணுமே சாப்புடல."

"இன்னிக்கு சனிக்கிழம. கவுச்சி தொட மாட்டேன். மோர் இருந்தா ஒரு வாய் சோறு போதும். இவங்க முடிக்கட்டும்."

என் மேசையில் ஒரு தட்டு காலியாக இருந்தால் எனக்குக் கை காலெல்லாம் பரபரக்கும். அது நோய் மாதிரி. மாமியாராக வரப்போகிறவரோ, வராமலே போகப்போகிறவரோ, அந்த நிமிடம் எனக்கு அவர் சாப்பிடாத ஒரு விருந்தாளி. கரண்டியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நான் இழுத்தேன், அவரும் இழுத்தார். நல்ல பலம். குழம்பு மேசை விரிப்பில் சொட்டியது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அப்பா அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"கரண்டியக் குடுங்கம்மா," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எல்லாருக்கும் நீங்களே போட்டா நான் எதுக்கு இங்க? இது என் வேல. என் வேலைய எனக்குக் குடுங்க."

அவர் கை தளர்ந்தது. மெதுவாக உட்கார்ந்தார். விருந்தாளியோடு கரண்டிக்குச் சண்டை போட்ட கேப்டன் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

சமையல் அண்ணன் சனிக்கிழமைகளில் சைவம். அதனால் அன்றைக்குப் படகுக்காரர்கள் எங்களுக்கான சாப்பாடும் சைவம்தான். முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், ரசம். பயணிகளுக்கு அது கிடையாது, ஆனால் அண்ணன் எங்கள் பானையிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கொண்டுபோய்ப் பரிமாறினேன். கத்தரிக்காய்ப் பிரட்டல் ஒரு ஓரத்தில், சோறு நடுவில், சாம்பார் மேலே. அந்த அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன வேணும்மா? உங்களுக்கு என்ன புடிக்கும்?"

எல்லா மேசையிலும் கேட்கும் கேள்விதான்.

"இவருக்கு மீன் தலைதான் புடிக்கும். தம்பிக்கு நண்டு…"

"அவங்களுக்கு இல்லம்மா. உங்களுக்கு."

கணவரைப் பார்த்தார். அவர் மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார். மூவருக்குமே தெரியவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கே பயமாகிவிட்டது.

"அப்பளம்," என்றார் கடைசியில், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி. "பொரிச்ச உடனே ஒரு அப்பளம் கெடைக்குமா? நான் பொரிச்சு எல்லாருக்கும் போட்டு முடிச்சி, நான் உக்கார்றதுக்குள்ள அது நமுத்துப் போயிடும். எப்பவும் நமுத்த அப்பளம்தான்."

உடனே உள்ளே போய், "அண்ணே, ஒரு அப்பளம், அவசரம்!" என்றேன். மூடினால் நமுத்துவிடும், மெதுவாகப் போனால் ஆறிவிடும். எண்ணெய் வடிய வடியத் தட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நாற்காலிகளுக்கு நடுவில் ஓடினேன். படகு வளைவில் திரும்பியது. நான் ஓடுவதைக் கண்ணாடியில் பார்த்த தெக்கோங் வேகத்தைக் குறைத்துப் பூப்போலத் திருப்பினார்.

அந்த அம்மா அப்பளத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கடித்தார். நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அப்புறம் சிரித்தார். ஏறியதிலிருந்து முதல் சிரிப்பு.

"இன்னொண்ணு?" என்றேன்.

"குடும்மா."

நான் திரும்பும்போது அந்த அப்பா என் பக்கம் சாய்ந்து, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டார்: "அவளுக்கு அப்பளம் புடிக்குமாம்மா?" முப்பத்தெட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்த மனைவியைப் பற்றி, அன்று மாலை பார்த்த என்னிடம் கேட்டார். அவர் முகத்தில் இருந்தது வெட்கமா திகைப்பா தெரியாது, ஆனால் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. "ரொம்பப் புடிக்கும்ங்கையா," என்றேன்.

அதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் எங்களுக்கும் அப்பளம் என்று கை தூக்கினார்கள். அதற்குப் பக்கத்து மேசையும் தூக்கியது. ஒரு சீனக் குடும்பம், அது என்னவென்று தெரியாமலே கேட்டது. படகு முழுக்க நொறுக்கு நொறுக்கென்று ஒரே சத்தம். சமையல் அண்ணன் உள்ளே இருந்து, "இன்னிக்கு மெனுவுல அப்பளமே இல்ல லா! என் சொந்தப் பாக்கெட்டு!" என்று கத்திக்கொண்டே பொரித்துத் தள்ளினார். ஆற்றில் வெளிச்சம் மங்கி, எதிரே தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கரையில் இறங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார். நாளை வருவதாகவோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. மகன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பெர்ரியில் வரும்போது நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வராவிட்டால் போகட்டும், ஒருத்தருக்கு நல்ல அப்பளம் போட்டேன். தேற்றினேனே தவிர, மனம் தேறவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சித்தி காலையிலேயே வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னதும், "கரண்டியப் புடிச்சு இழுத்தியா? மாமியார்கிட்டயா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவள், பத்து மணி தாண்டியும் எழுந்திருக்கவே இல்லை. கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது அவள்தான் முதலில் ஜன்னலுக்கு ஓடினாள். மூன்று பேரும் இறங்கினார்கள். கையில் பழத் தட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். என் அம்மா சமையலறையில் காபி கலந்து, தட்டத்தை என் கையில் கொடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக நடந்து வந்தேன். சொட்டுக்கூடச் சிந்தவில்லை, அதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை.

"அத அங்க வெய்யிம்மா," என்றார் அந்த அம்மா, வாசற்படி தாண்டும் முன்பே. "வெச்சிட்டு, இங்க வந்து என் பக்கத்துல உக்காரு."

சித்தியின் முகம் வெளுத்தது. நான் வைத்தேன், போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, நீ எந்திரி. எல்லாருக்கும் நீ எடுத்துக் குடு."

அவர் எழுந்தார். தட்டத்தைத் தூக்கியதும் கோப்பைகள் கடகடவென்று ஆடின. பாதிக் காபி சாசரில் இறங்கிவிட்டது. முதலில் எனக்குக் கொடுக்க வந்தார், பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று கண்ணால் சொன்னேன், கேட்கவில்லை. என் கையில் கோப்பை வந்தது. பழக்கம் விடுமா? மற்றவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த அம்மா என் முழங்காலில் தட்டினார்.

"யாருக்காகவும் பாக்காத. சூடா இருக்கும்போதே குடி."